துப்பாக்கி: வழுவழு குழலா, சுரிகுழலா?

மதுரைத் தெப்பக்குளத்துக் கரையில் நின்று பாருங்கள். குளத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். நடு மண்டபம் அதில் பாதித் தூரம். குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி எதுவாக இருந்தாலும், உருண்டைக் குண்டால் அந்தத் தூரத்தில் ஒரு மானை நம்பி அடிக்க முடியாது.

நம் ஊர்ப்பக்கம் செய்யும் நாட்டுத்துப்பாக்கிக்குக் குழலின் உட்புறம் வழுவழுப்பு. குண்டு சற்றுத் தளர்வாகவே இறங்கும், சீக்கிரம் கெட்டிக்கலாம். சுட்டால் சுவரில் இடித்து இடித்து வெளியேறும். 50 மீட்டர் வரை சரி. அப்புறம் அதிர்ஷ்டம்தான். பால்ரஸ் எனும் சிறு உருண்டைகளைப் போட்டால் 30 மீட்டரே அதிகம்.

சுரிகுழலில் உள்ளே முறுக்கிய வரிகள் உண்டு. எண்ணெய் தோய்த்த துணித்துண்டில் குண்டைப் பொதிந்து, கோலால் அழுத்தி இறக்க வேண்டும். துணி வரியைக் கவ்வும், குண்டு சுழன்று நேராகப் போகும். ஆனாலும் மான் வேட்டைக்கு 90 மீட்டர்தான் கணக்கு. குறி தப்புவதால் அல்ல. உருண்டைக் குண்டு காற்றில் சீக்கிரம் களைத்துவிடும். 100 மீட்டருக்குள் வேகத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் போய்விடும்.

அவசரத்துக்கு வழுவழு குழல், குறிக்குச் சுரிகுழல். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அழகர்மலைப் பக்கம் எதையும் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது!