பென் டேப்லெட்டும் அதன் பாழாய்ப்போன போர்ட்டும்

போன வாரம்தான் என் பென் டேப்லெட்டைச் சென்னை ரிட்சி தெருவில் பழுது பார்த்து வாங்கி வந்தேன். கடுப்பு இன்னும் ஆறவில்லை. அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

2020 ஊரடங்கில், ஆன்லைனில் கணக்கு நடத்த வாங்கியது. பலகை மேல் அதன் பேனாவால் எழுதினால் எழுத்து லேப்டாப் திரையில் வரும். திரை இல்லாத சாதாரண வகை, பேனாவுக்குச் சார்ஜ் வேண்டாம். பலகையில் எழுதிக்கொண்டே கண்ணை லேப்டாப்பில் வைப்பது முதலில் படுத்தும், அப்புறம் பழகிவிடும். நிப்பு தேயும், மாற்றிக்கொள்ளலாம். இதெல்லாம் ஒரு குறையே இல்லை.

குறை கேபிள் செருகும் அந்த மைக்ரோ யுஎஸ்பி போர்ட். எழுத எழுதப் பலகை லேசாக நகரும், கேபிள் ஆடும், போர்ட் தளர்ந்துகொண்டே வரும். லாப்லாஸ் உருமாற்றக் கணக்கில் பகுதிப் பின்னம் பிரித்து, ஏ என்ற மாறிலியைக் கண்டுபிடித்து பி-க்குப் போகும்போது கர்சர் உறைந்துவிடும். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன். "மேம், எழுத்து வரலை" என்று சாட்டில் வரும்போது மூன்று வரி காற்றில் போயிருக்கும். கேபிளுக்கு அடியில் மடித்த பேப்பர், மேலே டேப், எல்லாம் பார்த்தாயிற்று. சர்வீஸ் சென்டரில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகைக்குப் புதிதே வாங்கிவிடலாம். ரிட்சி தெருக்காரர் போர்ட்டை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். வேலை அவ்வளவுதான்!

ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடியவே நாளானது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, இதில் நேரலை வகுப்பாவது ஒன்றாவது. 2021 தொடக்கத்தில் அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி வரும் டேட்டா கார்டு கொடுத்தபோதே பலர் விழுந்து எழுந்துதான் வகுப்புக்குள் வந்தார்கள். இந்தப் பலகைக்குத் தனி மின்சாரம் வேண்டாம், லேப்டாப்பிலிருந்து கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். மிச்சமிருந்த பேட்டரியில் ஒரு கணக்குக்கு ஒரு வீடியோ என்று, எழுதியபடியே பேசிப் பதிவு செய்தேன். முகம் கிடையாது, வெள்ளைத் திரையில் எழுத்து மட்டும் ஊர்வதால் கோப்பு சின்னதாக இருந்தது. சிக்னல் தலைகாட்டியதும் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. பிள்ளைகள் முடிந்தபோது இறக்கிப் பார்த்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, "கன்வல்யூஷன் கணக்குக்கும் இப்படியே போடுங்க மேம்" என்று கேட்டாள். நேரலையில் ஒருநாளும் எனக்கு அது நடந்ததில்லை.

துறைக்குப் புதிதாக வந்தவர் இதே மாடல் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்கிறார். வேண்டாம். டைப்-சி போர்ட் வைத்தது கிடைத்தால் பாருங்கள். ஆனால் மழை பிடித்துக்கொண்ட பிறகு என்னுடையதை இரவல் கேட்காதீர்கள், தரமாட்டேன்.