மொட்டை மாடிக்கு நீர்த்தடுப்பு என்று வெறும் வெள்ளைப் பூச்சு: ஓர் எச்சரிக்கை

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நீர்த்தடுப்பு செய்து தருவதாகப் பணம் வாங்கிய ஒரு நிறுவனம் எப்படி வேலை செய்தது என்பதை, இதே வேலையைக் கொடுக்கவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படுக்கையறைக் கூரையில், கைப்பிடிச்சுவரின் கீழ் வரும் மூலையில் ஈரம் படர்ந்து பூச்சு உதிரத் தொடங்கியிருந்தது. பார்க்க வந்தவர் மாடியில் ஒரு சுற்று நடந்துவிட்டு, தளம் முழுவதும் வெடிப்பு விட்டிருப்பதாகவும், பூச்சு அடித்தால் 10 ஆண்டுகளுக்கு உத்தரவாதம் என்றும் சொன்னார். மழைநீர்க் குழாயின் வாயையோ தளத்தின் வாட்டத்தையோ (தண்ணீர் வடிவதற்கான சரிவு) அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியலில் எல்லாம் முறையாகவே இருந்தன: பழைய பூச்சைச் சுரண்டுதல், வெடிப்புகளை அகலப்படுத்திப் பாலிமர் சாந்தால் அடைத்தல், பூச்சு நன்றாகப் பிடிக்க முதலில் அடிக்கும் பிரைமர், பூச்சு வெடிக்காமல் தாங்கும் இழைவலை, அதன்மேல் இரண்டு கைப் பூச்சு.

நடந்தது வேறு. ஆட்கள் தளத்தைக் கூட்டி, குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். அது காய்வதற்குள் ரோலரை உருட்டத் தொடங்கிவிட்டார்கள். வெடிப்பு எதையும் வெட்டவில்லை, இழைவலை மாடிக்கு வரவே இல்லை. ஈரத்தின்மேல் பூசக் கூடாதே என்று கேட்டபோது, இந்தப் பூச்சுக்கு ஈரம்தான் நல்லது என்று பதில் வந்தது. சிமென்ட் கலந்து பூசும் சில வகைகளுக்குத் தளம் நனைந்திருக்க வேண்டும் என்பது உண்மைதான்; இவர்கள் பூசியதோ அக்ரிலிக் வகை, அதற்குத் தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காலி டப்பாக்களையும் அன்றே எடுத்துச் சென்றுவிட்டார்கள். டப்பாவில் ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று அச்சிட்டிருப்பார்கள். தளத்தின் பரப்பை வைத்துக் கணக்கிட்டால், பூச்சில் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்பது காலி டப்பாக்களை எண்ணும்போதே தெரிந்துவிடும்.

நல்ல வெயில் அடித்ததும் பூச்சில் கொப்புளங்கள் எழுந்தன. தளத்துக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தூக்கியிருந்தது. ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தியபோது உள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் பூச்சு தாளாக உரிந்து வந்தது, அதன் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத் தூசியும் பாசியும் அப்படியே ஒட்டியிருந்தன.

அடுத்த மழையில் அதே மூலை நனைந்தது. உத்தரவாதத்தை நினைவுபடுத்தியபோது, தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: தண்ணீர் தேங்கும் இடங்களுக்கும் கட்டட அசைவால் உண்டாகும் வெடிப்புகளுக்கும் இது பொருந்தாது. மொட்டை மாடி ஒழுகுவதற்கு வேறு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு வந்த கொத்தனார் முதலில் குழாய் வாயை அடைத்து, தளத்தில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விட்டார். (ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை ஏறும், தளம் பழையதாகவோ கம்பி துருத்தி வெளியே தெரிவதாகவோ இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.) தளத்தின் நடுப்பகுதியில் கசிவே இல்லை. கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் இடத்திலும், குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்திலும்தான் தண்ணீர் இறங்கியது. குழாயின் வாய் தளத்தைவிடச் சற்று மேடாக இருந்ததால் அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கிறது. மீட்டருக்கு 10 மில்லிமீட்டராவது வாட்டம் இருக்க வேண்டிய இடத்தில் எதிர்வாட்டம் இருந்தது. குழாய் வாயைத் தாழ்த்தி, வாட்டச் சாந்து போட்டு, சுவர் மூலையைச் சரிவாக மெழுகி, காய்ந்த பிறகே வலையோடு பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றினார்.

வேலை கொடுப்பவர்கள் பூசும் பொருளின் வகை, எத்தனை லிட்டர், எத்தனை கை, வலை உண்டா, வாட்டத்தைச் சரிசெய்வது யார் பொறுப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள். உத்தரவாதத் தாளை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுப் படியுங்கள். கடைசித் தவணையைப் பூச்சு காய்ந்த பின் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே தருவதாகச் சொல்லுங்கள். எங்களிடம் வந்த நிறுவனம் முழுத் தொகையையும் பூச்சு ஈரமாக இருந்த அன்று மாலையே கேட்டு வாங்கிக்கொண்டது.