சாட்ஸ்வொர்த் வீட்டு வாசலில் ஓர் அசைவுணர் சூரிய விளக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் பகுதியில், மின்வெட்டுக்கும் திருட்டுக்கும் அஞ்சிப் பலர் வாங்கி மாட்டும் அசைவுணர் சூரிய விளக்கு வகையைச் சேர்ந்த ஒன்றைக் குளிர்காலத்திலும் கோடையிலும் பயன்படுத்திப் பார்த்த பின் இதை எழுதுகிறேன். வெளிச்சத்தில் குறையில்லை, மாட்டுவதும் எளிது. ஆனால் இவ்விளக்கின் தரத்தைத் தீர்மானிப்பது பல்பு அன்று, ஆள் நடமாட்டத்தை அறியும் உணரியே.

வெண்ணிறக் குமிழ் மூடியைக் கழற்றினால், சட்டைப் பொத்தான் அளவில் ஓர் உலோகக் குப்பியும், அதன் தலையில் கருத்த சிறு சாளரமும், அடியில் மூன்று கம்பிக் கால்களும் தெரிகின்றன. இத்தகைய குப்பிகளுக்குள் இருப்பது பைரோஎலெக்ட்ரிக் பொருள். பெரும்பாலும் ஈயம் கலந்த பீங்கான், சிலவற்றில் லித்தியம் டாண்டலேட் படிகம். அதன் வெப்பநிலை மாறும்போது மட்டுமே மின்னூட்டம் பிறக்கும். மாறாத வெப்பத்தை, அது எவ்வளவு அதிகமாக இருந்தாலும், இப்பொருள் கண்டுகொள்ளாது. மனித உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் கொள்வதால், கருத்த சாளரம் அந்த எல்லையை உள்ளடக்கிய கதிர்களை மட்டும் உள்ளே விடுகிறது. உள்ளே அப்பொருளாலான இரண்டு தகடுகள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டும் ஒருசேரச் சூடேறினால் சைகைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். யாரேனும் குறுக்கே நடந்தால்தான் ஒன்று முந்தி, மற்றது பிந்தி விழித்து, விளக்கு எரியும்.

பெட்டியோடு வரும் தாள் இதில் ஒன்றையும் சொல்லாதது பெருங்குறை. கேட்டிலிருந்து விளக்கை நோக்கி நேராக வருபவர் மிக அருகில் வரும்வரை அது எரிவதில்லை. பக்கச் சுவருக்கு மாற்றி, வழியைக் குறுக்காகப் பார்க்கும்படி வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. உணரும் தொலைவாகப் பெட்டியில் அச்சிட்ட 10 மீட்டர், இங்கே குளிர்காலமான ஜூலையின் இரவுகளில் உண்மை. கோடையான பிப்ரவரியின் மாலையில், பகல் வெயிலைக் குடித்த சிமென்ட் தரைக்கும் மனிதத் தோலுக்கும் வெப்ப வேறுபாடு குறைந்துவிடுவதால், தொலைவும் சுருங்குகிறது. இது விற்பவரின் ஏமாற்று அன்று, இயற்பியல். ஆயினும் அச்சிட்டவர் ஒரு வரியில் எச்சரித்திருக்கலாம். கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே வைத்தால் பயனே இல்லை, ஏனெனில் உடலின் அகச்சிவப்புக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். முற்றத்தில் பிராய் எனும் இறைச்சி வாட்டும் அடுப்பு மூட்டும் சனிக்கிழமைகளில் அனல் அலைவுக்கு அது ஓயாமல் கண் சிமிட்டுவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: பைரோஎலெக்ட்ரிக் பொருள்கள் யாவும் பீசோஎலெக்ட்ரிக் பொருள்களே, அதாவது அழுத்தினாலும் அதிர்ந்தாலும் அவற்றில் மின்னூட்டம் தோன்றும். ஆகவே கேட் தூணில் இதை மாட்டுவது நல்லதன்று. கேட்டை ஓங்கிச் சாத்தினால் ஆளில்லாமலே எரியக்கூடும்.

உணரிக்கு நல்ல மதிப்பெண்ணே தருவேன், மின்கலத்துக்குத் தரமாட்டேன். மேகமூட்டமான நாள்கள் தொடர்ந்தால் நள்ளிரவுக்குள் அது சோர்ந்துவிடுகிறது. செங்கல் சுவரும் நல்ல வெயிலும் உள்ள வீட்டார் வாங்கலாம்; நாள் முழுதும் நிழல் விழும் முற்றமுடையோர், சூரியத் தகட்டைத் தனிக் கம்பியில் இணைத்துக் கூரையில் வைக்கத்தக்க வகையைத் தேடுவது நல்லது.