சியோல் குளிரில் ஒரு லைட் ஸ்டிக்: விமர்சனம்

கே-பாப் எனும் கொரிய பாப் இசைக் கச்சேரிகளில் ரசிகர்கள் கையில் பிடித்து ஆட்டும் லைட் ஸ்டிக் பற்றிய விமர்சனம் இது. எந்தக் குழுவின் ஸ்டிக் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற குழுக்களின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். சியோலில் ஆராய்ச்சி வேலை எனக்கு. கச்சேரிக்காகத்தான் வாங்கினேன். ஆனால் அதன் தரம் தெரிந்தது 2024 டிசம்பரில், யோய்டோவில், கொரிய நாடாளுமன்றத்துக்கு முன்னால், அதிபரைப் பதவி நீக்கக் கோரிய போராட்டத்தில். அங்கே பிடித்து நின்றது நானில்லை, என் லேப் தோழி. வெளிநாட்டவர் அரசியல் நடவடிக்கைகளில் இறங்கக் கூடாது என்கிறது இந்த நாட்டுக் குடிவரவுச் சட்டம். விசாவை நம்பிப் பிழைப்பவள் நான், ஸ்டிக்கை இரவல் கொடுப்பதோடு நின்றுகொண்டேன். எனவே பாதி என் அனுபவம், பாதி அவள் வந்து சொன்னது.

முதலில் பொருள். கைப்பிடி, அதன் தலையில் ஒளிரும் பகுதி, மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு. டிவி ரிமோட்டில் போடுவது போன்ற சின்ன பேட்டரி மூன்று. இந்த வகை ஸ்டிக்குகள் பெரும்பாலும் முப்பதாயிரம் வோனுக்கு மேல். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். ஒரு விளக்குக்கு இது அநியாய விலைதான். காசு விளக்குக்கு இல்லை, உள்ளே இருக்கும் வயர்லெஸ் வசதிக்கு. அரங்கத்தில் உட்கார்ந்ததும் போன் ஆப்பில் இருக்கை எண்ணைப் பதிய வேண்டும். அப்புறம் நம் கையில் வேலையே இல்லை. மேடைக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு பொத்தானை அழுத்த, ஆயிரக்கணக்கான ஸ்டிக்குகள் ஒரே நொடியில் நீலமாகும், அடுத்த வரிக்குச் சிவப்பாகும். பார்க்க அற்புதம். ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்கு ஆட்டும் உரிமை மட்டும்தான்.

யோய்டோவில் அந்த வசதி இல்லாததுதான் நல்லதாகப் போயிற்று. ஆப்பில் இணைக்காமல் பொத்தானை அழுத்தினால் ஸ்டிக் தன் பாட்டுக்கு எரியும். பிடிஎஸ் ரசிகர்களின் உருண்டை, பிளாக்பிங்க்கின் இதயம் வைத்த சுத்தியல், என்சிடியின் பச்சைக் கட்டை என்று ஆளுக்கொரு நிறம். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் மினுங்கின. சாதாரண நாளில் ஒருவரையொருவர் இணையத்தில் வறுத்தெடுக்கும் ரசிகர் கூட்டங்கள் இவை. அன்று தோளோடு தோள் இடித்து நின்றன. கூட்டத்தில் இருபதுகளில் இருக்கும் பெண்களே கண்ணில் அதிகம் பட்டார்கள் என்றாள் தோழி. கச்சேரிக்காக விடிய விடிய வரிசையில் நின்று பழகியவர்களுக்குக் குளிரில் நிற்பது புதிதா என்ன!

இதற்கு முன்னோடி மெழுகுவர்த்தி. 2016-இல் அதிபர் பார்க் குன்-ஹேவுக்கு எதிராக வாராவாரம் மெழுகுவர்த்தி ஏந்தினார்கள். காற்றடித்தால் மெழுகுவர்த்தி அணைந்துவிடும் என்று ஆளும் கட்சி எம்.பி. ஒருவர் வாய் விட்டார். அடுத்து எல்இடி மெழுகுவர்த்திகள் வந்து இறங்கின. பார்க் 2017 மார்ச்சில் பதவி இழந்தார். அந்த வகையில் லைட் ஸ்டிக் அதற்கு அடுத்த தலைமுறை.

டிசம்பர் 3 இரவுக்கு இந்த ஸ்டிக் உதவவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தரை மணி வாக்கில் அதிபர் யூன் சுக்-யோல் டிவியில் தோன்றி ராணுவச் சட்டம் அறிவித்தார். ஸ்டிக்கைத் தேடி எடுக்க யாருக்கு நேரம்? கிடைத்த கோட்டை மாட்டிக்கொண்டு ஜனங்கள் நாடாளுமன்ற வாசலுக்கு ஓடினார்கள், ராணுவ வண்டிகளை மறித்தார்கள். உள்ளே ஊழியர்கள் மேசை நாற்காலிகளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்கள். சபாநாயகரே வேலி ஏறிக் குதித்துத்தான் உள்ளே போனார். நள்ளிரவு ஒரு மணிக்கு, வந்து சேர்ந்த 190 எம்.பி.க்களும் ராணுவச் சட்டத்தை நீக்க வாக்களித்தார்கள். 1980-இல் குவாங்ஜு நகரில் ராணுவம் போராடிய மக்களைச் சுட்டுக் கொன்றதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த ஊர் இது. யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை.

ஸ்டிக்கின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. டிசம்பர் 7-இல் பதவி நீக்கத் தீர்மானம் வந்தது. 200 வாக்கு வேண்டும். ஆளும் கட்சியினர் பெரும்பாலும் அவையை விட்டு எழுந்து போக, தீர்மானம் செத்தது. ஓர் இரவு ஆவேசத்தில் ஓடி வருவது எளிது. தோற்று வீட்டுக்குப் போய், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு, மறுபடியும் வந்து நிற்பது சிரமம். அதற்குச் சாப்பாடு, கழிப்பறை, பேட்டரி எல்லாம் வேண்டும். போராட்டக்காரர்கள் அதையும் பார்த்துக்கொண்டார்கள். வர முடியாதவர்கள் சுற்றுவட்டாரக் காபிக் கடைகளில் நூறு கோப்பை, ஐம்பது கோப்பை என்று முன்பணம் கட்டினார்கள். எந்தக் கடையில் என்ன மிச்சம் என்று காட்ட இணையப் பக்கமே வந்தது. பாடகி ஐயு தன் ரசிகர்களுக்காகக் கடைகளில் பணம் கட்டி வைத்தார். நானும் கட்டலாமா என்று யோசித்தேன். சட்டம் நினைவுக்கு வர, பேசாமல் இருந்துவிட்டேன். டிசம்பர் 14-இல் 204 வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேறியது. இறுதித் தீர்ப்பு அரசியலமைப்பு நீதிமன்றத்தின் கையில் போனது.

இனி குறைகள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் சாதாரண பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. மாற்று பேட்டரிகளைக் கோட்டின் உள்பையில், கையைச் சூடாக்கும் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைப்பது தோழி கண்டுபிடித்த வழி. பேட்டரி மூடியோ கையுறை போட்ட விரலுக்கு அசையவே மாட்டேன் என்கிறது. கையுறையைக் கழற்றினால் விரல் அசையவில்லை. கயிறும் மெலிது, நெரிசலில் அறுந்தது. திருப்பிக் கொடுக்கும்போது ஷூ லேஸ் கட்டிக் கொடுத்தாள். அது அசலை விட உறுதி.

ஜனவரியில் மறுபடி கேட்டாள், கொடுத்தேன். அப்போது யூனைக் கைது செய்யச் சொல்லி ஹன்னம்-டொங்கில் அதிபர் மாளிகைப் பக்கம், கொட்டும் பனியில், வெள்ளித்தாள் போர்வை சுற்றிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஏப்ரல் 4-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அதுவரை ஸ்டிக்கின் பல்பு ஒரு தடவை கூடத் தகராறு செய்யவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: கச்சேரிக்கு மட்டும் என்றால் இரண்டாம் கையாக வாங்குங்கள், பாதி விலைக்குக் கூடக் கிடைக்கும். வாங்கும்போது ஆப் இல்லாமல் எரிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று அந்த மூடிக்காக.