பலா மரத்தில் செய்த மேசை: 12 வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது தாத்தா வைத்த பலாவும் விழுந்தது. விறகுக்குக் கேட்டார்கள், மனம் வரவில்லை. சா மில்லில் ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்தோம். "ஒரு வருஷம் தொடாதீங்க தம்பி" என்றார் ஆசாரி. பலகைகளுக்கு நடுவே காற்றோட ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, முனைகளில் பெயின்ட் பூசி, நிழலில் 14 மாதம் அடுக்கி வைத்தோம். பெயின்ட் பூச மறந்த இரண்டு பலகை மட்டும் முனையில் ஒரு சாண் வெடித்துவிட்டது.

அறுத்த புதிதில் மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்த மரம், வெளிச்சம் பட்டுப் பட்டு இப்போது தேன் நிறத்தையும் தாண்டிச் செம்பழுப்பாகிவிட்டது. தாய்லாந்தில் காட்டில் வாழும் பிக்குகள் இதே பலாவின் வைரத்தை, அதாவது நடுவில் இருக்கும் முற்றிய மரத்தை, சீவிக் கொதிக்கவைத்துத்தான் அங்கிக்குச் சாயம் எடுப்பார்கள், அவ்வளவு நிறம் இதற்குள் இருக்கிறது. முதல் வருடம் நடுவில் ஒரு துணி விரிப்பு போட்டிருந்தோம், எடுத்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றது! மற்ற இடத்தோடு நிறம் ஒத்துப்போக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆகவே புதுப் பலா மேசையில் எதையும் நிரந்தரமாக வைக்காதீர்கள்.

வேலை செய்யும்போது தேக்கைவிட இதில் உளி முனை அதிக நேரம் மழுங்காமல் தாங்குகிறது என்று ஆசாரி சொன்னார். ஆனால் சில பலகைகளில் ரேகை மாறி மாறி ஓடும், அங்கே இழைப்புளி பிய்த்துக்கொண்டு வரும். கத்தியை நன்றாகத் தீட்டி மெல்லிசாக இழைத்து, மிச்சத்தை உப்புத்தாளில் முடிப்பதுதான் வழி. தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் இந்த மரம்தான் என்பது தெரிந்ததே, தட்டிப் பார்த்தால் நாதம் கேட்கும்.

குறை என்றால் எங்கள் கைத்தவறு ஒன்று. பலகையை வீணாக்க வேண்டாமென்று ஸ்டூல் கால்களில் வெளிப்பக்கத்து வெள்ளையை, அதாவது பட்டைக்கு அடியில் வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிர் மரத்தை, சீவாமல் விட்டுவிட்டோம். மூன்றாம் வருடமே அதில் உளுத்து மாவு கொட்டியது. வைரத்தை மட்டும் பூச்சி தொடவே இல்லை, மேசையில் இன்றுவரை ஒரு துளை கிடையாது. தினம் ஈரத்துணியால் துடைக்கிறோம், வருடத்துக்கு ஒருமுறை ஆளி விதை எண்ணெய், அவ்வளவுதான். வெயில் மழையில் போடத் தேக்குதான் நல்லது, வீட்டுக்குள் என்றால் நான் பலாவைத்தான் சொல்வேன்.

இன்னும் இரண்டு பலகை கொட்டகையில் இருக்கிறது. மகளுக்குப் படிப்பு மேசை செய்யப்போகிறோம், இந்த முறை வெள்ளையை ஒரு நூல்கூட விடாமல் சீவிவிட்டுத்தான்.