துப்பாக்கி உரிமை சங்கங்கள்ல மெம்பர் ஆகலாமா? ஹூஸ்டன்ல இருந்து ஒரு ரிவ்யூ

எச்1பி விசால இருந்த வரைக்கும் எனக்கு துப்பாக்கி வாங்க வழி இல்ல, வேட்டை லைசென்ஸ் எடுத்தா ஒரு விலக்கு இருக்கு, ஆனா நான் அந்தப் பக்கம் போகல. கிரீன் கார்டு வந்தப்புறம்தான் ஒரு 9எம்எம் பிஸ்டல் வாங்கினேன், கூடவே வீட்டுல ரெண்டு பசங்க இருக்காங்கன்னு ஒரு சேஃபும். அன்னையில இருந்து ரேஞ்சுல பாக்குற நம்ம ஊர் ஆளுங்க கேக்குறது ஒரே கேள்வி, "அண்ணே, இந்த சங்கங்களுக்கெல்லாம் சந்தா கட்டணுமா, இல்ல வெட்டிச் செலவா?" ஏழு வருஷமா கட்டிட்டு வர்றவன்ங்கிற முறையில சொல்றேன்.

கட்டுங்க. ஆனா யாருக்குக் கட்டுறோம்னு பாத்துக் கட்டுங்க.

ஏன் கட்டணும்னு கேட்டா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஓடிஸ் மெக்டொனால்ட்தான். சிகாகோல மார்கன் பார்க் ஏரியால இருந்த கறுப்பினப் பெரியவர், ரிட்டயர்டு, வீட்டுல திருட்டு மேல திருட்டு, தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வேணும்னு நெனச்சாரு, ஆனா அந்த சிட்டில 1982-ல இருந்து புதுசா கைத்துப்பாக்கி வச்சுக்கவே தடை. அவரால தனியா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்க முடியுமா சொல்லுங்க, வக்கீல் செலவுக்கே வீட்ட வித்திருக்கணும். செகண்ட் அமென்ட்மென்ட் ஃபவுண்டேஷன், அதான் எஸ்ஏஎஃப், அவர் பின்னாடி நின்னுச்சு. துப்பாக்கி வச்சுக்கிற உரிமையச் சொல்ற அரசியல் சட்டத் திருத்தம்தான் இந்த செகண்ட் அமென்ட்மென்ட். 2010 ஜூன்ல 5-க்கு 4னு தீர்ப்பு வந்தது, மத்திய அரசுக்கு மட்டுமில்ல மாநிலத்துக்கும் சிட்டிக்கும் அந்த உரிமை பொருந்தும்னு. அந்தப் பெரியவர் கேஸ்லதான் இன்னைக்கு எல்லா ஊர்லயும் எல்லாரும் நிக்கிறோம், நேத்து வந்து குடியேறின நானும்தான். எஸ்ஏஎஃப் 501 சி 3, அதாவது லாப நோக்கமில்லாத அமைப்பு, நீங்க டாக்ஸ்ல கழிவுகள ஒவ்வொண்ணா எழுதிக் காட்டுற, அதான் ஐட்டமைஸ் பண்றவங்களா இருந்தா குடுக்குற பணத்துக்கு டாக்ஸ்ல கழிவும் உண்டு. என் பணத்துல பெரிய பங்கு இங்கதான் போகுது. 5-க்கு 4.5.

அடுத்து எல்லாரும் கேக்குற என்ஆர்ஏ, அதாவது நேஷனல் ரைபிள் அசோசியேஷன். 1871-ல நியூயார்க்ல ஆரம்பிச்சது, உள்நாட்டுப் போர்ல சிப்பாய்ங்க குறி பாத்து சுடத் தெரியாம இருந்தாங்களேன்னு ரெண்டு முன்னாள் ராணுவ ஆபீசர்ங்க தொடங்கின பயிற்சி சங்கம். அந்த வேர் இன்னும் காயல. எனக்குக் கத்துக்குடுத்தவரு என்ஆர்ஏ சர்ட்டிஃபைடு இன்ஸ்ட்ரக்டர், விரல ட்ரிக்கர்ல எப்ப வைக்கக்கூடாதுன்னு அந்த மனுஷன் நாள் முழுக்க சொன்னது என் கைல ஊறிப்போச்சு. பயிற்சிக்கு மட்டும் மார்க் போடச் சொன்னா 5 போடுவேன்.

ஆனா மேல இருந்தவங்க மெம்பர் பணத்துல பண்ணினது மன்னிக்கவே முடியாதது. முப்பது வருஷத்துக்கு மேல தலைமைல இருந்த வெய்ன் லாபியர் பிரைவேட் ஜெட், பஹாமாஸ் ட்ரிப்புனு சங்கத்துப் பணத்த செலவு பண்ணினாருன்னு நியூயார்க் அட்டர்னி ஜெனரல் கேஸ் போட்டாங்க, அதுல இருந்து தப்பிக்க 2021 ஜனவரில என்ஆர்ஏ தலைமை டெக்சாஸ்ல வந்து திவால்னு ஃபைல் பண்ணினாங்க, நல்லெண்ணத்தோட போட்ட மனு இல்லன்னு மே மாசமே ஜட்ஜ் தள்ளிட்டாரு. 2024 பிப்ரவரில ஜூரி, லாபியரால சங்கத்துக்கு 54 லட்சம் டாலர் நஷ்டம்னு சொல்லிருச்சு. அதுல ஒவ்வொரு டாலரும் ஏதோ ஒரு விவசாயி, ட்ரக் ஓட்டுறவரு, ஓய்வு பெற்ற போலீஸ்காரர் கட்டின சந்தா. எனக்கு இன்னும் ஆறல.

பணத்த விட ஆழமா வலிச்சது ரெண்டு இருக்கு. 2016-ல மினசோட்டால ஃபிலாண்டோ காஸ்டீல்னு ஒரு கறுப்பினத்தவர், துப்பாக்கி பெர்மிட் வச்சிருந்தவரு, என்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு போலீஸ்கிட்ட மரியாதையா சொன்னதுக்கப்புறம் கார்லயே சுட்டுக் கொல்லப்பட்டாரு. சட்டப்படி துப்பாக்கி வச்சிருந்த ஒருத்தர் செத்திருக்காரு, இந்த சங்கம்தான் முதல்ல கத்தியிருக்கணும், ஆனா அவர் பேரக்கூட சொல்லாம ரெண்டு வரி விட்டாங்க. நம்ம தோல் கலருக்கு ராத்திரில கார நிறுத்தினா அந்த நெனப்பு வராம இருக்குமா? இன்னொண்ணு 2022 மே 24, டெக்சாஸ்ல உவால்டே ஸ்கூல்ல துப்பாக்கிச் சூட்டுல செத்தது 19 குழந்தைங்க, 2 டீச்சர்ங்க. மூணே நாள்ல எங்க ஊர் ஜார்ஜ் பிரவுன் சென்டர்ல என்ஆர்ஏ வருடாந்திர மாநாடு நடந்துச்சு. நான் போறதா இருந்தேன், போகல, போக மனசு வரல. அடுத்த மாசம் வந்த சட்டம், 21 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு பேக்ரவுண்ட் செக்க கொஞ்சம் கூட்டினது, அதுக்கு முன்னாடி நின்னவரே எங்க டெக்சாஸ் ரிபப்ளிகன் செனட்டர் ஜான் கார்னின், அதையும் என்ஆர்ஏ தலைமை எதிர்த்தாங்க. என்கிட்ட இருந்து அந்த சட்டம் எதையும் பிடுங்கல. தலைமைக்கு 1.5.

அப்புறம் ஏன் இன்னும் மெம்பரா இருக்கேன்னா ஓட்டுக்காக. லைஃப் மெம்பரா இருக்கணும், இல்லன்னா அஞ்சு வருஷம் விடாம வருஷ சந்தா கட்டியிருக்கணும், அப்பதான் போர்டு தேர்தல்ல ஓட்டு. கோபத்துல விலகினவங்க ஓட்டும் சேர்ந்தே போயிடுது, அது பழைய ஆளுங்களுக்குத்தான் லாபம். 2024-ல ஃபில் ஜர்னின்னு கேன்சஸ்காரரு, அந்த திவால் கேஸ்லயே கணக்க நோண்டணும்னு கோர்ட்ட கேட்டவரு, அவரும் கூட மூணு சீர்திருத்தக்காரங்களும் ஜெயிச்சு உள்ள வந்தாங்க. உள்ள இருந்தவங்க போட்ட ஓட்டு அது.

சர்வீஸ் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நான் கட்டுற சங்கங்கள்ல ஒண்ணு, பேரு வேணாம், வாரம் தவறாம லெட்டர், நாளைக்கே வீடு புகுந்து துப்பாக்கிய எடுத்துட்டுப் போயிடுவாங்கங்கிற மாதிரி சிவப்பு எழுத்துல. பயமுறுத்தி காசு கேக்குறது தப்பு. போன் பண்ணி மெயிலிங் லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க, எனக்கு ரெண்டாவது தடவ சொன்னதும் நின்னுடுச்சு, மெம்பர்ஷிப் அப்படியேதான் இருக்கு.

புதுசா வாங்கப் போறவங்க எந்த சந்தாவுக்கும் முன்னாடி பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல ப்ராஜெக்ட் சைல்டுசேஃப் கேபிள் லாக், அதான் துப்பாக்கியப் பூட்டி வைக்கிற கம்பிப் பூட்டு, இருக்கான்னு கேளுங்க, துப்பாக்கித் தொழில் சங்கமான என்எஸ்எஸ்எஃப் நடத்துற திட்டம், இருந்தா ஃப்ரீயாவே குடுப்பாங்க. அமெரிக்கால துப்பாக்கியால சாகுறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. வீட்டுல யாராவது மனசு ஒடிஞ்சு இருக்காங்கன்னா அந்த லாக்கோட சாவி உங்க கைல மட்டும் இருக்கட்டும்.