ஸ்லர்மில் டிஃபால்ட்டை எங்கே வைப்பது: புரொஃபைலிலா, லுவாவிலா, பார்ட்டிஷனிலா?

ஸ்லர்ம் என்பது பல கணினிகள் (நோடுகள்) சேர்ந்த கிளஸ்டரில் பயனர்கள் அனுப்பும் வேலைகளை (ஜாப்களை) வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள். நேரமும் மெமரியும் குறிப்பிடாமல் வரும் ஜாப்களுக்கான மதிப்புகளை அதில் மூன்று இடங்களில் வைக்கலாம்: லாகின் நோடின் புரொஃபைலில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பு) எஸ்பேட்ச் என்ற ஜாப் அனுப்பும் கமாண்டுக்கான வேரியபிள்களாக, ஒவ்வொரு ஜாப் வரும்போதும் ஓடும் ஜாப் சப்மிட் லுவா ஸ்கிரிப்டில், அல்லது ஸ்லர்மின் அமைப்புக் கோப்பான ஸ்லர்ம்.கான்ஃபில் பார்ட்டிஷன் (நோடுகளின் குழு) வரியிலேயே. மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது பார்ட்டிஷன் வரியோடு நிற்கிறேன்.

எதுவுமே வைக்காமல் விடுவது சரிப்படாது. டிஃபால்ட்டைம் (நேரம் குறிப்பிடாத ஜாப்புக்கான நேரம்) இல்லையென்றால் பத்து நிமிட ஜாப்புக்கும் பார்ட்டிஷனின் உச்ச வரம்பான மேக்ஸ்டைம் முழுவதும் ஒதுக்கப்படும். குறுகிய ஜாப்களைக் காலி இடைவெளிகளில் ஓட்டும் பேக்ஃபில் அதை எந்த இடைவெளியிலும் செருக முடியாது. மெமரியையும் கணக்கில் எடுக்கும் கிளஸ்டரில், ஒரே ஒரு கோர் கேட்ட ஜாப் நோடின் மொத்த மெமரியையும் பிடித்துக்கொள்ளும். 48 கோர் நோடில் மற்ற 47 கோர்கள் சும்மா கிடக்கும்.

புரொஃபைல் வழி சுலபமானது, ஐந்து நிமிட வேலை. ஆனால் ஸ்லர்மின் முன்னுரிமை வரிசையில் கமாண்ட் லைன் முதலில், அடுத்து என்விரான்மென்ட் வேரியபிள், கடைசியில்தான் ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் எஸ்பேட்ச் வரிகள். ஒரு பயனர் ஸ்கிரிப்டில் 48 மணி நேரம் என்று எழுதியிருந்தார். நான் புரொஃபைலில் போட்ட 2 மணி நேரம் அதை அடித்துவிட்டது. 'டியூ டு டைம் லிமிட்' என்ற வரியோடு ஜாப் செத்தது. அவர் ஸ்கிரிப்டில் தவறே இல்லை. அதே ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானிலிருந்து அனுப்பினால் புரொஃபைல் படிக்கப்படாது, ஆக வேறு லிமிட். டிஃபால்ட் என்று நினைத்து நான் வைத்தது உண்மையில் கட்டாயமாகிவிட்டது.

லுவா வலுவானது. அக்கவுன்ட் இல்லாத ஜாப்பைக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்ப அதுதான் சரியான இடம், அந்த வேலைக்கு இன்றும் வைத்திருக்கிறேன். டிஃபால்ட்டுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் பராமரிப்பு. நேரம் குறிப்பிடாத ஜாப்பில் டைம் லிமிட் காலியாக வராது. 'மதிப்பு இல்லை' என்பதைக் குறிக்கும் 4294967294 என்ற எண்ணாக வரும். '1440 நிமிடத்துக்கு மேல் என்றால் நீண்ட பார்ட்டிஷனுக்கு அனுப்பு' என்று எழுதினேன். நேரமே குறிப்பிடாத ஜாப் அத்தனையும் அங்கே போய்க் குவிந்தன. போதாததற்கு, ஸ்கிரிப்ட் ஸ்லர்மின் மையப் புரோகிராமான கண்ட்ரோலர் டீமனுக்குள்ளேயே ஓடுகிறது. அது தாமதித்தால் எல்லோருடைய சமர்ப்பிப்பும் தாமதிக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: 'எனக்கு ஏன் இந்த லிமிட் வந்தது?' என்று பயனர் கேட்டால் பதில் எங்கே கிடைக்கும்? ஜாப் பதிவுகளைப் பார்க்கும் எஸ்அக்ட் கமாண்ட் மதிப்பைக் காட்டும், அது எங்கிருந்து வந்தது என்று காட்டாது. லுவாவில் இருந்தால் அட்மின் ஸ்கிரிப்டைத் திறந்து படிக்க வேண்டும். புரொஃபைலில் இருந்தால் ஜாப் எந்த ஷெல்லிலிருந்து கிளம்பியது என்று தேட வேண்டும். பார்ட்டிஷனில் இருந்தால் 'எஸ்கண்ட்ரோல் ஷோ பார்ட்டிஷன்' போதும், பயனரே பார்த்துக்கொள்வார். ஸ்கிரிப்டில் எழுதியதை அது மீறுவதும் இல்லை. அட்மின் மாறினாலும் அடுத்தவர் முதலில் திறப்பது ஸ்லர்ம்.கான்ஃபைத்தான்.

மதிப்பு போடும்போது ஒரு கவனம். 192 ஜிபி, 48 கோர் என்றால் கோருக்கு 4096 எம்பி என்றுதான் கை போகும். ஓஎஸ்ஸுக்கு ஒதுக்கியது போக ரியல்மெமரி (நோடுக்கு ஸ்லர்ம் கணக்கில் எடுக்கும் மெமரி) ஏறக்குறைய 190000 எம்பிதான் என்றால், கடைசி இரண்டு கோர்கள் டிஃபால்ட் ஜாப்களுக்கு எட்டாமலே போகும். நான் டெஃப்மெம்பெர்சிபியூவை (கோருக்கான டிஃபால்ட் மெமரி) 3900 எம்பி என்று வைத்திருக்கிறேன். டிஃபால்ட்டைம் 1 மணி நேரம்.

ஜிபியூ பார்ட்டிஷனில் என் கை அவ்வளவு பழகவில்லை. ஒரு ஜிபியூவுக்கு இத்தனை கோர், இவ்வளவு மெமரி என்று சொல்லும் டெஃப்சிபியூபெர்ஜிபியூவும் டெஃப்மெம்பெர்ஜிபியூவும் போட்டிருக்கிறேன். அங்கே ஜாப்களின் தேவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுவதால், இந்த மதிப்புகளை இன்னும் மாற்ற வேண்டிவரலாம்.

மாற்றும் முன் பழைய ஜாப்களின் எலாப்ஸ்டையும் (ஓடிய நேரம்) மேக்ஸ்ஆர்எஸ்எஸ்ஸையும் (பயன்படுத்திய உச்ச மெமரி) எஸ்அக்டில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எண்ணைத் தேர்ந்தெடுக்க அது போதும். தேதியை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்; இதுவரை நேரமே எழுதாதவர்களின் நீண்ட ஜாப்கள் முதல் நாளிலேயே டைம்அவுட் ஆகும்.